ஹெரால்டுக்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சை அகலமாக்குவது எப்படி

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1964 மாடல். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். இதே கார் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு காலையில் சென்னையில் கூடுவோம். மூன்று வருஷமாக ஒரே பேச்சுதான். இந்தப் பச்சை கம்பெனிப் பச்சையா, அந்த பேட்ஜ் அந்த வருஷத்துடையதா, யாருடைய கார் என்ன விலைக்குப் போனது. ஒரு காலேஜ் பையன் ஆசை ஆசையாக வந்து, ஒரு வார்த்தையும் பேச வாய்க்காமல் கிளம்பிப் போனான். அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை. அதற்கப்புறம் நான் செய்து பார்த்துப் பலன் கண்டவை இவை.

போனதும் பானெட்டைத் திறந்து வையுங்கள். ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்த்து மூக்கு முழுவதும் முன்பக்கம் சாயும். இன்ஜின், ஸ்டியரிங், முன்சக்கரம் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் உள்ளே திரும்பிவிடும்.

அதைவிட நன்றாக வேலை செய்வது, கழற்றிய ஒரு பாகத்தைக் கையோடு கொண்டுபோவது. நான் கொண்டுபோனது முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் இருக்கும் டிரன்னியன். உள்ளங்கையில் அடங்கும் துண்டு, உள்ளே மரை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வெர்டிகல் லிங்க் என்ற அந்தத் தண்டு இந்த மரைக்குள்தான் திரும்புகிறது. இதற்கு 90ஆம் நம்பர் கியர் ஆயில் விடவேண்டும். கை பழக்கத்தில் பலரும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரை முழுக்கப் போய்ச் சேராது. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒருநாள் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என்னிடம் இருந்த துண்டில் மரை ஒரு பக்கம் தேய்ந்து, விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். "பத்து வருஷமா கிரீஸ்தானே சார் அடிக்கிறேன்" என்றார் ஒருவர், முகம் வெளிறிப்போய். அரை மணி நேரம் பேட்ஜ் என்ற சொல்லே எழவில்லை.

ஹெரால்டுக்குப் பிறகு அதே கம்பெனி விட்ட கார் கேஸல். "கேஸல் எல்லாம் ஹெரால்டே இல்லை" என்று யாராவது ஆரம்பித்தால் எதிர்த்து வாதாடாதீர்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்; 1972இல் வந்த கேஸலில் இரண்டையும் ஒரே ஆக்சிலில் பிணைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு நான்கு கதவோடு வந்ததே இல்லை. இங்கே ஹெரால்டின் மார்க் 3 மாடல் அப்படித்தான் வந்தது. இந்த இரண்டையும் சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில் காரில் எத்தனை பேர் ஏறுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். திருப்பதி போனது, பாட்டியைப் பின்சீட்டுக்குள் ஏற்ற முடியாமல் திண்டாடியது, எல்லாம் வரும்.

பிறகு, ஓட்டியவர்களையும் செய்தவர்களையும் அழையுங்கள். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். எந்த வருஷம், எந்த நிறம் என்று அவரைத் துளைக்கவேண்டாம் என எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்தேன். "உங்கள் கையில் என்ன வேலை இருந்தது, ஐயா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்து, என் காரின் கதவைச் சாத்தி, இடுக்கு நெடுகக் கட்டைவிரலை ஓட்டினார். கீழ்மூலையில் விரல் நின்றது. "இங்க ஒரு வாஷர் போடணும் தம்பி."

அந்தக் காலேஜ் பையனுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். ஸ்பேனரை எடுத்து வந்தவன் அவன்தான்.