தாத்தாவின் கேமராவுக்கு விலை பார்ப்பது எப்படி?

மாதம் ஒருவராவது பழைய கேமராவைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுப் படியேறுகிறார். கும்பகோணத்தில் 28 ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை. பையைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது அக்ஃபா கிளிக் 3. “தாத்தா காலத்துச் சாமான் ஐயா, லட்சம் போகுமா?” போகாது. காபி கொடுத்து அனுப்பிவைப்பேன்.

முதலில் கேமராவின் வயதை மறந்துவிடுங்கள். இதைப் போல இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, இன்றைக்கு அதைத் தேடி அலைபவர் யார் என்று மட்டும் பாருங்கள். கிளிக் 3 இந்தியாவிலேயே தயாரானது, விலை மலிவு, பரணுக்குப் பரண் கிடக்கிறது. 1900இல் ஒரு டாலருக்கு வந்த கோடாக் பிரௌனியின் வாரிசுகளுக்கும் இதே கதிதான். மறுகோடியில் ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்காவின் 0 வரிசை. 1923 வாக்கில் சோதனைக்காக இருபது சொச்சம் மட்டுமே செய்தார்கள். அதில் 105ஆம் எண், வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக்கே வைத்திருந்தது. 2022இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், கமிஷன் உட்பட 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.

அரிதாக இருந்தாலே விலை ஏறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கேட்பார் இல்லாத அரிய கேமராக்கள் என்னிடமே நான்கு இருக்கின்றன. 1976இல் வந்த கேனான் ஏஇ-1 உலகெங்கும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனாலும் ஃபிலிமில் படமெடுக்கப் பழகும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், விலையும் தளரவில்லை.

கான்டாக்ஸ் டி2 இன்னொரு ரகம். 1990இல் வந்த கைக்கடக்கமான கேமரா. 2017இல் மாடல் அழகி கெண்டல் ஜென்னர் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைக் காட்ட, கேட்பவர் கூட்டம் பெருகியது. புதிதாக வர வழியில்லை; தயாரித்த கியோசெரா 2005இல் கேமராத் தொழிலையே கைவிட்டிருந்தது. உள்ளிருக்கும் மின்சுற்று ஒவ்வொன்றாகப் பழுதாகிறது, உதிரிபாகம் கிடைப்பது பெரும்பாடு. கையிருப்பு குறையக் குறைய விலை ஏறும் என்பது சரிதான், ஆனால் அடுத்துப் பழுதாவது உங்களுடையதாகவும் இருக்கலாம். நான் வாங்க மாட்டேன்.

ஃபிலிம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். எடுத்தவுடன் படம் கையில் வரும் போலராய்டு ஃபிலிமை 2008இல் நிறுத்துகிறார்கள் என்றதும், அதைப் போட்டு எடுக்கும் என் எஸ்எக்ஸ்-70 கேமராவை 400 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். நெதர்லாந்தில் மூடவிருந்த அந்த ஃபிலிம் ஆலையைச் சிலர் எடுத்து நடத்த, 2010இல் ஃபிலிம் திரும்பி வந்தது. கேமராவின் விலையும் எழுந்து உட்கார்ந்தது. என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். கிளிக் 3க்குப் போடும் 120 ரோல் இப்போதும் கிடைக்கிறது. விற்காவிட்டாலும் 12 படம் எடுக்கலாம்.

இணையத்தில் விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை நம்பாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி, ஒரே மாடலில் பத்துப் பதினைந்தைப் பாருங்கள். பிறகு லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் அது சர்வசாதாரணம். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்துங்கள், பாதியில் சிக்கினால் அதற்கும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தோலுறை, பெட்டி, ரசீது இருந்தால் பத்திரம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்காதீர்கள்.

தேவை மிகுந்த இடத்தில் போலியும் முளைக்கும். தங்க முலாம் பூசி, பழைய ஜெர்மன் ராணுவ முத்திரை குத்திய ‘லைக்கா’ வந்தால் லென்ஸைக் கழற்றி, மேல்புறம் உள்ளே நீட்டியிருக்கும் சிறு கையைப் பாருங்கள். அசலில் நுனி உருண்ட சக்கரமாக இருக்கும். ஆப்புபோல் இருந்தால் அது லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் நாட்டுக் கேமரா, ஃபெட் அல்லது ஸோர்க்கி, வேஷம் போட்டு வந்திருக்கிறது. போன தை மாதம் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆப்புதான். அவருக்கு மட்டும் இரண்டு காபி.