பரோயே தீவுகளுக்குச் சிக்கனமாகப் போய்வர: முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஐஸ்லாந்து, நோர்வே, ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்கு நடுவே, வட அட்லாண்டிக் கடலில் செங்குத்துப் பாறைச்சுவர்களாக எழுந்து நிற்பவை பரோயே தீவுகள். மொத்தம் 18 தீவுகள், ஏறத்தாழ 54,000 மக்கள். அங்கே ரொட்டி முதல் அறைவாடகை வரை எல்லாமே விலை கூடியவை. ஆயினும் எதை முதலில் முடிவுசெய்ய வேண்டும் என்பது தெரிந்தால் செலவைக் கணிசமாகக் குறைக்கலாம் என்பதை இரண்டு பயணங்களில் கற்றுக்கொண்டேன்; அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி விசா. பரோயே, டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வட்டத்திலும் இல்லை. எனவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று புறப்பட்டுவிடக் கூடாது. அது பரோயேவுக்கும் செல்லும் என்று விசாவிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். டென்மார்க்குக்கு விண்ணப்பிக்கும்போதே பரோயேவில் தங்கும் நாட்களைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, தேதியும் தங்குமிடமும். ஜூன், ஜூலையில் இரவு முழுதாக இருட்டுவதில்லை. வாடகை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஜூலை 28, 29 ஆகிய நாட்களில் ஓலவ்சோக்கா தேசியத் திருவிழா நடப்பதால் தலைநகர் டோர்ஷவ்னில் அறை கிடைப்பதே அரிது. என் பரிந்துரை மே மாதம்: கூட்டம் குறைவு, பஃபின் எனும் கடற்பறவைகளும் வந்திருக்கும். சமையலறையுள்ள அறையை டோர்ஷவ்னிலேயே எடுங்கள். கூடாரம் அடித்தால் இன்னும் மலிவு; ஆனால் அதற்கென ஒதுக்கிய முகாம்களில் மட்டுமே அடிக்கலாம், கண்ட இடத்தில் தங்குவது சட்டப்படி குற்றம்.

மூன்றாவது, போய்ச் சேருவது. கோபன்ஹேகனிலிருந்து வாகர் தீவு விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். ஏற்கெனவே ஐரோப்பாவில் இருப்பவர்கள், டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து செல்லும் நொர்ரோனா கப்பலின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும் என்றாலும், கோடைக்கு வெளியே சில சமயம் அதுவே மலிவாக அமையும்.

நான்காவது படிதான் பணப்பையைக் காப்பது: வாடகைக் கார் வேண்டாம், பேருந்தே போதும். கார் எடுத்தால் வாடகை, எரிபொருளோடு கடலடிச் சுரங்கப்பாதைகளின் சுங்கமும் சேரும். டோர்ஷவ்னுக்குள் ஓடும் சிவப்பு நகரப் பேருந்துகளில் கட்டணமே கிடையாது. ஊர்களை இணைக்கும் நீலப் பேருந்துகளுக்கு 4 நாள், 7 நாள் பயண அட்டைகள் உண்டு. பெரும்பாலான படகுகளிலும் அதே அட்டை செல்லும். நான் 7 நாள் அட்டை வாங்கி, இரண்டு மணி நேரக் கடல்வழியான சூதுரொய் தீவுக்கும், டோர்ஷவ்னிலிருந்து இருபதே நிமிடத்தில் எட்டும் நோல்சொய் தீவுக்கும் தனியாகக் காசு கொடுக்காமல் போய்வந்தேன். பஃபின்களைப் பார்க்கப் போகும் மிக்கினெஸ் தீவின் படகுக்கு மட்டும் அது செல்லாது. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகளும் குறைவு, பல கடைகளும் மூடியிருக்கும் என்பதால் கால அட்டவணையை முன்பே பார்த்து நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போனுஸ் போன்ற மலிவு அங்காடியில் வாங்கிச் சமையுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்கும்.

ஐந்தாவது, நடைகள். ஏரி கடலுக்கு மேலே தொங்குவதுபோல் தெரியும் டிரேலனீப்பா போன்ற புகழ்பெற்ற சில இடங்களில் நில உரிமையாளர்கள் ஆளுக்கு 200 டேனிஷ் குரோனா அளவில் வாங்குகிறார்கள். நடப்பது அவர்கள் ஆடு மேய்க்கும் நிலம், கொடுப்பது முறைதான். ஆனால் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். டோர்ஷவ்னிலிருந்து கிர்க்யுபோர் ஊருக்கு மலைமேல் செல்லும் பழைய பாதைக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேர நடை அது. வழி நெடுகக் கற்களை இடுப்பளவு அடுக்கிய குவியல்களே அடையாளம். ஒன்றை அடைந்ததும் அடுத்தது கண்ணில் பட வேண்டும். மூடுபனி இறங்கி அடுத்த குவியல் மறைந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், ஊகித்து நடக்காதீர்கள். கீழே இறங்கினால், 1300 வாக்கில் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுபோன மாக்னுஸ் பேராலயத்தின் கூரையற்ற சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கும்.

கடைசிப் படி, வானிலைக்கு இடம் விடுவது. முதல் பயணத்தில் மிக்கினெஸ் தீவைக் கடைசி நாளுக்கு வைத்தேன். கடல் கொந்தளித்துப் படகு ரத்தாகி, பஃபினைப் பார்க்காமலே திரும்பினேன். இரண்டாம் முறை முதல் நாளுக்கே பதிவுசெய்ததால், தவறியிருந்தாலும் மறுபடி முயல நாள் இருந்தது. மூடுபனியால் விமானமும் தாமதமாகும். ஆகவே கோபன்ஹேகனிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தைத் தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், அங்கே ஓர் இரவு தங்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட விமானத்துக்கு மறுசீட்டு வாங்குவதைவிட அது எவ்வளவோ குறைவு.