ஈக்விலிப்ரியம் சாப்டர மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்கிறது எப்படி?

ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரில நெறைய பேரு முழி பிதுங்குற எடம் ஈக்விலிப்ரியம், அதாவது சமநிலை தான். எடுத்த உடனே லீ சாட்லியர் விதிக்கு போய், ப்ரஷர் கூட்டுனா மோல் கம்மியா இருக்கிற பக்கம், சூடு கூட்டுனா இந்த பக்கம்னு லிஸ்ட் போட்டு உருப்போடுறாங்க, கேள்விய லேசா திருப்பி கேட்டா காலி. என்ன கேட்டா அந்த விதிய கடைசியா படிங்க. க்யூ (இப்ப இருக்கிற அளவ வச்சு வர்ற விகிதம்), கே (சமநிலைல வர்ற விகிதம்), இந்த ரெண்டையும் கம்பேர் பண்ண தெரிஞ்சா பாதி சாப்டர் தானா வந்துரும்.

மொதல்ல ஒண்ணு. சமநிலைன்னா ரியாக்சன் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டு பக்கமும் அளவு சமம்னும் இல்ல. முன்னாடி போற வேகமும் திரும்பி வர்ற வேகமும் சமம், அவ்ளோதான். நம்பலன்னா இத பாருங்க: நைட்ரஜன், ஹைட்ரஜன், அமோனியா சமநிலைல இருக்கிற கலவை ஒண்ணு, ஹைட்ரஜனுக்கு பதிலா டியூட்டீரியம் (ஹைட்ரஜனோட கனமான வகை) போட்டு அதே மாதிரி செஞ்சது ஒண்ணு, ரெண்டையும் கலந்து விட்டா கொஞ்ச நேரத்துல ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் சேந்தே இருக்கிற அமோனியா மூலக்கூறு கெடைக்குது. நின்னு போயிருந்தா அது எங்கேர்ந்து வந்துச்சு?

இப்ப ஃபார்முலா. ப்ராடக்ட் கான்சன்ட்ரேஷன் மேல, ரியாக்டன்ட் கீழ, சமன்பாட்டுல முன்னாடி இருக்கிற நம்பர் அடுக்கா ஏறும், திடப்பொருளையும் சுத்த திரவத்தையும் விட்டுடணும். சமநிலைல இருக்கிற அளவ போட்டா கே, இப்ப கைல இருக்கிற அளவ போட்டா க்யூ. க்யூ சின்னதா இருந்தா முன்னாடி போகும், பெருசா இருந்தா பின்னாடி வரும்.

ஒரு கணக்கு போட்டுடலாம். ஹைட்ரஜன் 1 மோல், அயோடின் ஆவி 1 மோல், 1 லிட்டர் பாத்திரம், கே 50னு வச்சுக்கோங்க. ரெண்டும் ஒவ்வொண்ணு சேந்து ரெண்டு ஹெச்ஐ (ஹைட்ரஜன் அயோடைடு) ஆகும், ஒவ்வொண்ணுலயும் எக்ஸ் மோல் செலவாச்சுன்னா ஹெச்ஐ 2எக்ஸ், மத்தது 1−எக்ஸ். (2எக்ஸ்)² / (1−எக்ஸ்)² = 50. ரெண்டு பக்கமும் வர்க்கமூலம் எடுத்தா 2எக்ஸ் / (1−எக்ஸ்) = 7.07, எக்ஸ் 0.78. ஹெச்ஐ 1.56, ஹைட்ரஜனும் அயோடினும் 0.22. வர்க்கமூலம் எடுக்கலாம்னு தோணாம குவாட்ராடிக் ஃபார்முலா போட்டு பக்கத்த நெறப்புறவங்க தான் ஜாஸ்தி.

அடுத்தது நெஜமாவே அழகான விஷயம். ஒரு சிரிஞ்சுல என்2ஓ4, என்ஓ2னு ரெண்டு நைட்ரஜன் ஆக்சைடு கேஸ் சமநிலைல இருக்கு, மொதல்ல சொன்னதுக்கு கலர் கெடையாது, ரெண்டாவது ப்ரவுன். ஒரு என்2ஓ4 ஒடஞ்சா ரெண்டு என்ஓ2. சட்டுனு பாதி வால்யூமுக்கு அமுக்குறோம். விதிய உருப்போட்டவங்க உடனே "கலர் வெளுக்கும்"பாங்க. ஆனா மொதல்ல கலர் கருக்கும், ஏன்னா ரெண்டு கேஸோட கான்சன்ட்ரேஷனும் டபுளாகுது. க்யூல என்ஓ2 வர்க்கம், அதனால மேல 4 மடங்கு, கீழ 2 மடங்கு, ஆக க்யூ கேவ மாதிரி ரெண்டு மடங்கு. பெருசாச்சுல்ல, அதனால ரியாக்சன் பின்னாடி திரும்புது, ப்ரவுன் கொஞ்சம் வெளுக்குது, ஆனாலும் அமுக்குறதுக்கு முன்னாடி இருந்தத விட கருப்பா தான் நிக்கும். மாற்றத்த கொஞ்சம் தான் ஈடுகட்டும், முழுசா இல்ல. லீ சாட்லியர் விதி இவ்ளோதான்.

வால்யூம் மாறாம ஆர்கான் உள்ள விட்டா? மொத்த ப்ரஷர் ஏறும், ஆனா நம்ம கேஸ்களோட கான்சன்ட்ரேஷன் மாறல, க்யூ அப்படியே, ஒண்ணும் நடக்காது. எக்ஸாம்ல பிடிச்ச கேள்வி இது. கேட்டலிஸ்ட் ரெண்டு வேகத்தையும் ஒரே மாதிரி ஏத்தும், சீக்கிரம் சமநிலை வரும், கே மாறாது.

கேவையே மாத்துறது டெம்பரேச்சர் மட்டும் தான். ரெண்டு மோல் அமோனியா உருவாகுறப்ப சுமார் 92 கிலோஜூல் வெப்பம் வெளிய வருது, அதனால சூடு ஏத்துனா கே குறையும். அப்ப தொழிற்சாலைல அமோனியா தயாரிக்கிற ஹேபர் முறைல ஏன் 400-500 டிகிரி வைக்கிறாங்க? கம்மி சூட்டுல இரும்பு கேட்டலிஸ்ட் இருந்தாலும் ரியாக்சன் நத்த மாதிரி ஊரும். வேகத்துக்காக கேவ கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டு, 200 அட்மாஸ்ஃபியர் கிட்ட ப்ரஷர் வச்சு ஈடுகட்டுறாங்க. வெளிய வர்ற அமோனியாவ குளிர வச்சு திரவமா பிரிச்சுட்டு மிச்ச கேஸ மறுபடி உள்ள விடுவாங்க, அதுல அமோனியா கம்மி, க்யூ சின்னது, திரும்பவும் முன்னாடி ஓடும்.