டிராக் பந்தயக் காருக்கு பெல்ஹவுசிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளட்ச் வைத்த டிராக் பந்தயக் காரை முதன்முறையாகக் கட்டுபவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் பட்டறைகளில் நான் பார்த்த அதே தவறுகளை இன்றும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் கேட்பதில்லை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பிளைவீலையும் (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) கிளட்சையும் மூடி நிற்கும் கூடான பெல்ஹவுசிங்கைத் தேர்ந்தெடுப்பது பற்றியே இங்கு எழுதுகிறேன். கிளட்ச் ஃபோர்க் இடிப்பது, ஸ்டார்ட்டர் பொருந்தாமல் போவது போன்றவை மாட்டும்போதே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விதிகள் என்று குறிப்பிடும் இடங்களில் அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிகளையே சொல்கிறேன்.

எடையை மட்டும் பார்ப்பது

காரோடு வந்த வார்ப்பு அலுமினியக் கூடு எடை குறைவானது என்பதால் அதையே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் கூடு கியர்பாக்ஸைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, உடைந்து சிதறும் உலோகத்தைத் தடுப்பதற்காக அல்ல. ஏறத்தாழ 32 செ.மீ. விட்டமுள்ள பிளைவீல் 8000 ஆர்பிஎம்மில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சுழற்சி 6000-இலிருந்து 8500-ஆக உயர்ந்தால் அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. அப்படிப்பட்ட பிளைவீல் உடைந்தால் அதன் துண்டுகள் அலுமினியத்தைக் கிழித்து வெளியேறுவதோடு, கிழிந்த அலுமினியமும் சேர்ந்தே பறக்கும். ஓட்டுநரின் கால்கள் இருப்பது அதற்கு மிக அருகில். என்ஜின் சுழற்சியை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். மேல் கியருக்குப் பதிலாகக் கீழ் கியர் விழுந்துவிட்டால் பின் சக்கரங்களே கிளட்ச் டிஸ்க்கை வேகமாகச் சுழற்றும் என்பதையும், அதை லிமிட்டரால் தடுக்க முடியாது என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை.

கால் மைலை 11.49 விநாடியிலோ அதற்கும் குறைவான நேரத்திலோ கடக்கும் கிளட்ச் கார்களுக்குச் சான்று பெற்ற பிளைவீல், கிளட்ச், பாதுகாப்புக் கூடு ஆகியவை கட்டாயம். அந்த நேரத்தை எட்டாத காரானாலும், பிடிப்பு மிகுந்த ஸ்லிக் டயரோடு அதிக ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் நான் அலுமினியக் கூட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். எடையைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. தடித்த எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த பழைய வகைக் கூடுகள் பத்துக் கிலோவைத் தாண்டும். எஃகுத் தகட்டைச் சுழற்றி உருவாக்கும் இன்றைய கூடுகள் அதே சான்றோடு சில கிலோ குறைவாகவே வருகின்றன. டைட்டானியக் கூடு இன்னும் லேசானது, ஆனால் அதன் விலை தொடக்கக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது.

எண்ணைப் படிக்காமல் ஸ்டிக்கரைப் பார்ப்பது

பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் பெயரைச் சொல்லி, “எஸ்எஃப்ஐ சான்று பெற்றது” என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்த எண் என்று பாருங்கள். 6.1 என்பது 1.1, 1.2 தர பிளைவீல்களுக்கும் கிளட்சுகளுக்கும் உரிய கூட்டின் எண். 30.1 என்பது ஆட்டோமேட்டிக் கார்களில் பிளைவீலுக்குப் பதிலாக இருக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் தகட்டின் கவசத்துக்கு உரியது. கிளட்ச் காருக்கு அது எந்த வகையிலும் பயன்படாது. 4.1 என்பது கியர்பாக்ஸின் மேல் போர்த்தும் கவசத்துக்கு உரியது; பெல்ஹவுசிங் வாங்கிவிட்டதால் கியர்பாக்ஸுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 1970 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே லயன்ஸ் பந்தயத் தடத்தில் டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் தம் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தது, அவர் காரின் இரண்டு வேக டிரான்ஸ்மிஷன் வெடித்ததால்தான். அவர் என்ஜினைத் தமக்குப் பின்னால் கொண்டுபோனது அந்த விபத்துக்குப் பிறகே.

துளையிட்டு எடை குறைப்பது

செய்யாதீர்கள். தயாரிப்பாளர் அல்லாத ஒருவர் துளையிட்ட, அரைத்த, வெல்டிங் செய்த கூட்டுக்குச் சான்று செல்லாது.

சான்று இருக்கிறது என்று மையத்தை அளக்காமல் மாட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், ஏனெனில் நல்ல கூட்டை நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களே இதைச் செய்கிறார்கள். கூட்டுக்குள் உடைந்தது வெளியே வராது என்பதைப் பற்றி மட்டுமே சான்று பேசுகிறது. உங்கள் கிராங்க்ஷாஃப்ட்டின் மையமும் கூட்டின் பின்புறத் துளையின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. கூடு எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டவல் பின்கள் என்ற முளைகள் உங்கள் என்ஜின் பிளாக்கில் இருக்கின்றன, அந்த பிளாக் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்டதாகவும், பிறகு கிராங்க் உட்காரும் துளைகளை மறுபடி கடையும் லைன் போரிங் செய்ததில் கிராங்க் மையம் சற்று நகர்ந்ததாகவும் இருக்கலாம்.

பழைய கேமரோ கார் ஒன்றைக் கட்டிய இளைஞர் ஒருவருக்கு, அதிக ஆர்பிஎம்மில் மூன்றாம் கியர் விழவே இல்லை. கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பித்தார், அதன்பின் கிளட்சை மாற்றினார், கடைசியில் வேறு கியர்பாக்ஸே வாங்கினார். கோளாறு அப்படியே இருந்தது. நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கூட்டைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு, “சிஎன்சியில் கடைந்தது, சான்றும் இருக்கிறது, அதை எதற்கு அளக்க வேண்டும்?” என்றார். கழற்றிப் பார்த்தபோது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கக் கிராங்க் முனையிலுள்ள பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது, கிளட்ச் டிஸ்க்கின் நடுப்பகுதியில் வெண்கலப் பொடி படிந்திருந்தது. ஒரு சுற்றில் கேஜ் காட்டிய மொத்த வேறுபாடு 0.018 அங்குலம்; அதற்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 0.005. இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தால் கிளட்ச் முழுதாக விடாது, கியரும் விழாது. அவர் செலவழித்ததெல்லாம் பழுதில்லாத பாகங்களுக்காக.

அளப்பது ஒரு மாலை வேலைதான். பிளாக்கின் பின்முகத்திலும் கூட்டின் முகத்திலும் பெயின்ட், பிசிர் இல்லாமல் துடைத்து, கிளட்ச் இல்லாமல் கூட்டை மட்டும் மாட்டி, எல்லா போல்ட்டுகளையும் உரிய டார்க்கில் இறுக்குங்கள். டயல் கேஜின் காந்த அடியைப் பிளைவீலில் நிறுத்தி, முனையைப் பின்துளையின் உள்விளிம்பில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எடை குறைக்க அலுமினியப் பிளைவீல் வாங்கியிருந்தால் காந்தம் ஒட்டாது. கிராங்க் போல்ட்டில் ஒரு பட்டையை இறுக்கி அதில் கேஜைப் பொருத்துங்கள். மிக அதிக அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிதான் உண்மையான மைய விலகல். அதைச் சரிசெய்ய 0.007, 0.014, 0.021 அங்குலம் மையம் விலக்கிக் கடைந்த டவல் பின்கள் கிடைக்கின்றன. இரண்டு பின்களும் ஒரே திசையை நோக்கி இருக்க வேண்டும். அந்த இளைஞரின் காரில் 0.007 பின்களைப் போட்டதும் கேஜ் 0.004-க்கு இறங்கியது. பிறகு கூட்டின் பின்முகம் சாய்வில்லாமல் இருக்கிறதா என்பதையும் அதே கேஜால் பார்த்துவிடுங்கள்.

புதுக் கூடானாலும், வேறு பிளாக்குக்கு மாறும் பழைய கூடானாலும் இந்த அளவை எடுக்காமல் கியர்பாக்ஸை ஏற்ற வேண்டாம்.

பிளாக் பிளேட்டைக் கழற்றி வைப்பது

கூட்டோடு வரும் எஃகு பிளேட்டை எடை என்று ஒதுக்காதீர்கள். கூட்டின் முன்பக்கத்தை மூடுவது அதுதான். மைய அளவையும் அந்த பிளேட்டை நடுவில் வைத்தே எடுங்கள், அதன் தடிமனைத் தாண்டி டவல் பின் கூட்டுக்குள் போதிய அளவு நுழைகிறதா என்றும் பாருங்கள்.

தேதி பார்க்காமல் பழைய கூட்டை வாங்குவது

ஸ்டிக்கரில் உள்ள தேதியைப் படித்து, மறுசான்றுக் காலம் கடந்திருந்தால் அதற்கான செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்பக்கத்தில் அடிபட்ட தடமோ வெப்பத்தால் நீலம் பாய்ந்த இடமோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கூட்டை வாங்காதீர்கள்.