என்விஎம்இ டிரைவின் வேகத்தைச் சோதிக்கும்போது நான் செய்த, நீங்கள் செய்ய வேண்டாத தவறுகள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். புது என்விஎம்இ டிரைவ் (மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கியிருக்கிறான். டிரைவின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் சாஃப்ட்வேரின் முதல் வரியில் படிக்கும் வேகம் வினாடிக்கு 7,000 எம்பியைத் தாண்டி நிற்கிறது. கீழே, "அண்ணா, சும்மா பறக்குது பாத்தீங்களா!" என்று ஒரு வரி. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு படத்தை நானும் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

டெஸ்ட் ஓடும்போது பின்னால் டவுன்லோடு ஓடக்கூடாது, ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ராமை அளந்துவிட்டு டிரைவ் என்று சொல்வது

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது 'டிடி' கட்டளையில்தான். பூஜ்ஜியங்களாக 4 ஜிபி எழுதுவார்கள். திரையில் வினாடிக்கு ஐந்தாறு ஜிபி என்று வந்ததும் துள்ளுவார்கள். டிரைவோ பிசிஐஇ (டிரைவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பாதை) மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் இருக்கும். அந்த ஸ்லாட்டில் நான்கு லேனும் (தரவு போகும் தடங்கள்) சேர்ந்து கணக்குப்படியே வினாடிக்கு 3.94 ஜிபிக்கு மேல் போகாது. குழாயின் அகலத்தைவிட அதிகமாகத் தண்ணீர் எப்படி வரும்? எழுதியது ராமில் உட்கார்ந்திருக்கிறது, டிரைவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

'ஃபியோ' என்ற டெஸ்ட் கருவியில் டைரக்ட் என்பதை 1 என்று வைத்தால் ராமைச் சுற்றிக்கொண்டு நேராக டிரைவுக்குப் போகும். டிடியைத்தான் பிடித்துக்கொள்வேன் என்றால் கடைசியில், எல்லாம் டிரைவுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வைக்கும் எஃப்டேட்டாசிங்க்கையாவது சேருங்கள். பூஜ்ஜியங்களை எழுதுவதும் வேண்டாம். கோப்பு முறையில் கம்ப்ரெஷன் இருந்தால் பூஜ்ஜியங்களைச் சுருட்டிவிட்டு, எழுதியதாகக் கணக்குக் காட்டிவிடும். பழைய எஸ்எஸ்டி கண்ட்ரோலர்களில் (டிரைவை நடத்தும் சிப்) சிலவும் இதே வேலையைச் செய்தன.

ஒரு ஜிபி எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கடுப்பாகிறது.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றுக்கு எடிட்டிங் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த சீசன். இரண்டு டிபி டிரைவ் நான்கு வேண்டும், பட்ஜெட் குறைவு என்றார் முதலாளி. விலை மலிவான ஒரு மாடலில் ஒன்றை வாங்கி வந்து கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டினேன். எழுதும் வேகம் 3,000 எம்பி. அந்தப் படத்தை அவருக்கு அனுப்பி, "சார், 400 ஜிபி காப்பி பண்ண ரெண்டே கால் நிமிஷம், டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று ஜம்பமாகச் சொன்னேன். நான்கையும் வாங்கினார்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம், இரட்டைக் கல்யாணம் முடிந்த ராத்திரி போன் வந்தது. டிரைவில் 1.4 டிபி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதில் 400 ஜிபி காப்பி செய்கிறார்கள். முதல் 60 ஜிபி கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வினாடிக்கு 100 எம்பி. மீதி 340 ஜிபிக்கு ஒரு மணி நேரம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடுத்த மண்டபம். "பழைய சுத்துற டிஸ்க்கே தேவலையே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நடந்தது இதுதான். அவை க்யூஎல்சி டிரைவுகள். தரவைச் சேமிக்கும் ஒரு செல்லுக்குள் நான்கு பிட். அதற்குப் பதினாறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்து நிறுத்த வேண்டும், அதனால் எழுதும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதை மறைக்க, காலியாகக் கிடக்கும் செல்களில் ஒரு பகுதியை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிட்டை மட்டும் வேகவேகமாக எழுதுகிறார்கள். எஸ்எல்சி கேஷ் என்பது இதுதான். நாம் சும்மா இருக்கும் நேரத்தில் டிரைவ் அதை நிதானமாக நான்கு நான்காக மடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ஜிபி கேஷுக்கு நான்கு ஜிபி காலி இடம் வேண்டும் என்பதால், டிரைவ் நிறைய நிறைய கேஷும் சுருங்கிக்கொண்டே போகும். 2018-இல் வந்த இன்டெல் 660பி-யின் ஒரு டிபி மாடலில் இது வெளிப்படையாகவே தெரிந்த கணக்கு: காலியாக இருந்தால் 140 ஜிபி, நிறைந்துவிட்டால் 12 ஜிபி. நான் வாங்கியது வேறு மாடல், ஆனால் சங்கதி ஒன்றுதான்.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் தானாகத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது ஒரு ஜிபி கோப்பு, ஐந்து சுற்று. காலி டிரைவில் சின்னக் கோப்பு ஒன்றை எழுதிவிட்டு நான் அளந்தது கேஷைத்தான். டிரைவை நான் தொடவே இல்லை. கடையில் வாசல் ஷோகேஸைப் பார்த்துவிட்டுக் குடோனுக்கு விலை பேசிய கதை. இதில் எரிச்சல் என்னவென்றால், எஸ்எல்சி கேஷ் பற்றி எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், படத்தில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான்கு டிரைவையும் திரும்ப எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தை என் கையிலிருந்து போட்டு டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வாங்கிக் கொடுத்தேன். இரண்டு டிரைவ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

டிஎல்சி என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். அதிலும் கேஷ் தீர்ந்தால் வேகம் சரியும், ஆனால் இந்த அளவு பாதாளத்தில் விழாது. அட்டைப்பெட்டியில் '3,000 எம்பி வரை' என்று போட்டிருப்பார்கள். அந்த 'வரை'யில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நான் செய்வது: முதலில் டிரைவை, வாடிக்கையாளர் எவ்வளவு நிரப்பி வைப்பாரோ அவ்வளவு நிரப்புகிறேன். அரை மணி நேரம் சும்மா விடுகிறேன். பிறகு ஃபியோவில் 200, 300 ஜிபி தொடர்ச்சியாக எழுதச் சொல்லி, வேகத்தை வினாடிக்கு வினாடி பதிவு செய்து கோடாக வரைகிறேன். சராசரி எண் எதையும் சொல்லாது. கோடு எங்கே செங்குத்தாக விழுகிறது, விழுந்த பின் எங்கே நிற்கிறது, இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் எழுதினேன். "அவ்ளோ நேரமாண்ணா?" என்று கேட்டான். ஆமாம், அவ்வளவு நேரம்தான்.

எழுதாத இடத்தைப் படிப்பது

புது டிரைவில் எதையும் எழுதாமல் நேரடியாகப் படிக்கும் டெஸ்டை ஓட்டினால் எண் அபாரமாக வரும். அங்கே தரவே இல்லை என்று கண்ட்ரோலருக்குத் தெரியும், ஃபிளாஷ் பக்கமே போகாமல் பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அழித்த கோப்பு இருந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடி முடிந்த இடத்திலும் பெரும்பாலும் இதே கதை. சேமிப்புத் துறையின் பொது அமைப்பான எஸ்என்ஐஏ தன் சோதனை விதிமுறையில், அளப்பதற்கு முன் டிரைவின் கொள்ளளவைப் போல இரு மடங்கு எழுதச் சொல்கிறது. பிறகும் ஐந்து சுற்று எண்கள் ஒன்றுக்கொன்று சராசரியில் 20 சதவீத வீச்சுக்குள் அடங்கும்வரை முடிவு எடுக்க விடாது. வீட்டில் அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம், முழு டிரைவையும் ஒரு தடவை எழுதிவிட்டால் போதும்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் டிரைவைத் திட்டுவது

மதர்போர்டில் இந்த டிரைவைச் செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் பல நேரம் மாற்றாந்தாய்ப் பிள்ளை. நான்குக்குப் பதில் இரண்டு லேன் இருக்கும், அல்லது பிராசஸருக்கு நேராகப் போகாமல் சிப்செட் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். டிரைவின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் இப்போது ஓடுவதும், ஓட முடிவதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் முதலில் ஸ்குரூ டிரைவரை எடுங்கள்.

கடைசி வரியைப் பார்த்து டிரைவ் போச்சு என்று பதறுவது

முதல் வரியில் 7,000, கடைசி வரியில் 70. "அண்ணா, டிரைவ் டூப்ளிகேட்டா?" இல்லை. கடைசி வரி 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. ஒரு துண்டுக்கு 60 மைக்ரோ வினாடி என்றால் வினாடிக்கு 68 எம்பிதான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் திறப்பதும் சாஃப்ட்வேர் தொடங்குவதும் பெரும்பாலும் இந்த வரியைச் சார்ந்தவை. டிரைவ் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தும் அதற்கு முந்தைய வரி, வீட்டுக் கம்ப்யூட்டரில் அபூர்வமாகவே நடக்கும் காட்சி.

சூடு

சூடு ஏறினால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாமல் ஐந்து நிமிடம் எழுதுங்கள். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில், எச்சரிக்கை வெப்பத்துக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்ற எண்ணைப் பாருங்கள்.

கோப்புக்குப் பதில் டிரைவின் பெயரைக் கொடுப்பது

ஃபியோ எழுதிவிடும். உள்ளே இருந்ததெல்லாம் போச்சு.

டேட்டாபேஸுக்கு வீட்டு டிரைவ்

பில்லிங் சர்வருக்கு வாங்குகிறீர்கள் என்றால் மேலே சொன்ன எண் எதுவும் உதவாது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லுக்கும், 'நிஜமாகவே எழுதிவிட்டாயா?' என்று டிரைவிடம் கேட்டு நிற்கும். கரண்ட் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கக் கெபாசிட்டர் வைத்த சர்வர் டிரைவ் உடனே 'ஆச்சு' என்று சொல்லலாம். வீட்டு டிரைவ் உண்மையிலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுடன் வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' என்ற கருவியை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அறையும்.

டெஸ்டை ஓடவிட்டுத் தூங்கப் போவது

ஒரு டிபி டிஎல்சி டிரைவுக்கு ஆயுளில் 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். வினாடிக்கு ஒரு ஜிபி வீதம் பத்து மணி நேரம் எழுதினால் 36 டிபி. ஒரே ராத்திரியில் ஆயுளில் ஆறு சதவீதம். டெஸ்ட் எப்போது நிற்க வேண்டும் என்று சரியாகச் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவன் நான்தான்.