ரேடியோதெரபி படிக்கச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு

ரேடியோதெரபி என்றால் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சால் செய்யும் சிகிச்சை. அதைப் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அக்கா, இதை ஆன்லைனிலயே படிச்சு முடிக்க ஏலாதோ?"

ஏலாது. பாதியை ஆன்லைனில் படிக்கலாம், மீதிப் பாதிக்கு மெஷின் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். இது தெரியாமல் நான் ஊரில் இருந்தபோதே ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ ஒன்றுக்குப் பணம் கட்டினேன். சான்றிதழ் அழகாகத்தான் வந்தது. சென்னையில் நான் ஏறி இறங்கிய ஒரு மருத்துவமனையிலும் அது செல்லவில்லை.

இப்போது நிலைமை இன்னும் தெளிவு. ரேடியோதெரபியும் சேர்ந்த துணை மருத்துவத் தொழில்களுக்கென இந்தியாவில் 2021இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. சிகிச்சை மெஷினை இயக்குவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கிறது. ஆகவே "வீட்டிலிருந்தே ரேடியோதெரபி பட்டம்" என்று யார் விளம்பரம் செய்தாலும் பணம் கட்டாதீர்கள். கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி போன்ற நேரடிப் படிப்பைத் தேடுங்கள். படித்தபின் ஊர் திரும்பி வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்தை அங்கே பதிவு செய்வார்களா என்று விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

நேரில் ஏன் படிக்கவேண்டும் என்பதற்கு முகமூடி ஒன்றே போதும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வருபவர் அசையாமல் இருக்க தெர்மோபிளாஸ்டிக் முகமூடி செய்வோம். தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் துணி மாதிரித் தளரும். எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இறுகுவதற்குள் அவர் முகத்தில் இழுத்துப் பதிக்கவேண்டும். மூக்குத்தண்டிலும் தாடையிலும் விரலால் அழுத்தி வடிவம் கொண்டுவரவேண்டும். அங்கே இடைவெளி விட்டால், வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறேழு வாரம் அந்தத் தளர்வோடு அவர் படுப்பார். முகத்தை மூடியதும் மூச்சு முட்டும் என்று பயந்து சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடியை எந்த வீடியோவும் உங்களுக்குப் பழக்காது.

ஆனால் ஆன்லைனை ஒதுக்கவும் வேண்டாம். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இயற்பியல், கதிர்வீச்சு உயிரியல், குறுக்குவெட்டு உடற்கூறியல் மூன்றையும் முடித்துவிடலாம். சர்வதேச அணுசக்தி முகமையின் 'ஹியூமன் ஹெல்த் கேம்பஸ்' தளத்தில் இலவசமாகவே பாடங்கள் கிடைக்கின்றன. சிகிச்சைக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருள்களில் கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 5.27 ஆண்டு, இரிடியம்-192க்குச் சுமார் 74 நாள். அந்தக் கதிரியக்கப் பொருள் பழையதாக ஆக, அதே டோஸைக் கொடுக்க ஏன் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். வகுப்பில் பாதிப் பயம் போய்விடும்.

தமிழ் தெரியும், மொழிப் பிரச்சினை இல்லை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரம் ஒரு அம்மாவிடம் "அசையாமல் கிடவுங்கோ" என்றேன். இங்கே அது காதில் கடுமையாக விழும். "அசையாம படுத்துக்கங்கம்மா" என்று சொல்லவேண்டும். அதைவிட முக்கியம், இங்கே நோயாளிகள் ரேடியோதெரபி என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டே ஷாக் அடிக்கும் என்று நடுங்கி வருபவர்கள் உண்டு. "எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான் ஐயா, வலி ஒண்ணும் தெரியாது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்தத் துறைக்கு இந்த ஊரில் வேர் ஆழம். அரசு பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் வந்தது. தரமணியில் புரோட்டான் சிகிச்சை 2019இல் தொடங்கியது.

மாணவர் விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் ஆன்லைனாகப் பதிந்துவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) விடுதிக்காரர் உங்களுக்காக அனுப்பினாரா என்று முதல் நாளே கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வீட்டில் அப்பா அம்மா கதிர்வீச்சுக்குப் பயப்படுவார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால். லினாக் என்ற சிகிச்சை மெஷின் மின்சாரத்தால் இயங்குவது, பொத்தானை அழுத்தினால்தான் கதிர் தரும், அப்போது நோயாளியைத் தவிர உள்ளே யாரும் இருக்கமாட்டோம். பணியாளர் வாங்கும் கதிர்வீச்சு அளவு ஐந்து ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. அதைக் கணக்கு வைக்கத்தான் நெஞ்சில் டி.எல்.டி. என்ற கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ். அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் மெஷின் அறை தரைக்குக் கீழே, கனத்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கிறது. அங்கே போனுக்குச் சிக்னல் வராது. எந்த நேரத்தில் அழைப்பீர்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் அம்மா முதல் வாரம் முழுக்கத் தூங்கவில்லை.