சிந்துவின் இரண்டு இறுதி ஆட்டங்களைப் பார்த்துப் பயில்வது எப்படி?

சாம்பியன் ஒருவரின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்க விரும்பும் இளம் பேட்மிண்டன் வீரர்களுக்கு, அவருடைய பதக்கப் பட்டியலைக் காட்டிலும், ஒரே எதிராளியிடம் முதலில் தோற்றுப் பிறகு வென்ற ஆட்டங்களே அதிகம் சொல்லித்தரும். பி.வி.சிந்து ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவுடன் மோதிய உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டங்கள் இரண்டையும் நான் இதற்காகவே பரிந்துரைக்கிறேன்.

முதலில் 2017 கிளாஸ்கோ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 110 நிமிடம் நீடித்த அந்த ஆட்டத்தில் சிந்து 19-21, 22-20, 20-22 என்று தோற்றார். ஒரு நாளைக்கு ஒரு கேம் மட்டும் பார்த்து, ஒவ்வொரு ராலியும், அதாவது ஒரு புள்ளிக்காக ஷட்டிலை இருவரும் மாறிமாறி அடிக்கும் தொடர், எத்தனை அடிகள் நீடித்தது, யார் முதலில் தாக்கினார், கடைசி ஷட்டில் கோர்ட்டின் எந்த மூலையில் விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். இரண்டாம் கேமை முடித்துவைத்த ராலி 73 அடிகள் கொண்டது. அதில் வென்றவர் சிந்துதான். ஆனால் எந்த ஷட்டிலையும் விடாமல் ஓடி எடுக்கும் ஒகுஹாராவுடன் நீண்ட ராலிகள் ஆடுவது, அவருக்குப் பிடித்த ஆட்டத்தையே ஆடுவதாகும் என்பது உங்கள் குறிப்புகளிலிருந்தே தெரியவரும்.

அடுத்த ஆண்டு நான்ஜிங் இறுதியிலும் சிந்து ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோற்றார். இறுதிப் போட்டியில் வெல்லத் தெரியாதவர் என்று அப்போது எழுந்த பேச்சு நியாயமற்றது. உலக அளவில் இறுதிவரை வருவதே எவ்வளவு கடினம் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

இப்போது 2019 பாசல் ஆட்டத்தை அதே முறையில் பாருங்கள். 22 அடிகள் நீடித்த முதல் ராலி ஒகுஹாராவுக்குப் போனது. அதன்பின் தொடர்ந்து எட்டுப் புள்ளிகளை எடுத்த சிந்து, 40 நிமிடத்துக்குள் 21-7, 21-7 என்று பட்டம் வென்றார். ஏறத்தாழ ஐந்தடி பத்தங்குல உயரத்தை முழுமையாகப் பயன்படுத்தி, ஷட்டில் தாழும் முன்பே மேலிருந்து சந்தித்துச் செங்குத்தாக இறக்கியதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியமாக, இப்படி மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக அடிக்கும் ஒவ்வொரு ஸ்மாஷுக்குப் பிறகும் அவருடைய கால்கள் எவ்வளவு விரைவாக முன்னோக்கி வருகின்றன என்பதைப் பாருங்கள்.

இதைக் கோர்ட்டில் பழகும்போது, துணைவர் ஒருவரைப் பின்மூலைகளுக்கு மாறிமாறி ஷட்டிலைத் தூக்கிப்போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் கீழ்நோக்கி அடித்துவிட்டு, அடுத்தது வருவதற்குள் நடுக்கோர்ட்டுக்குத் திரும்புங்கள். சிறு பிள்ளைகளாக இருந்தால் ஸ்மாஷின் வேகத்தைப் பொருட்படுத்தாமல், கால்நகர்வு பழகும்வரை மெதுவாகவே அடிக்கச் செய்யுங்கள்.